சுமையே இல்லாமல் திரிபு காட்டிய மாதிரி

பரப்பில் தூவிய புள்ளிகள் நகர்வதைப் படமெடுத்து, திரிபை (பொருள் எந்த அளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதை) கணக்கிடும் டிஜிட்டல் பட ஒப்பீட்டு (DIC) சோதனை. இழுத்துப் பார்க்க 3 மி.மீ. அகல அலுமினிய மாதிரி, இரண்டு கேமரா. சுமை ஏற்றாமலே திரிபு வரைபடத்தில் திட்டுத்திட்டாக ஏற்ற இறக்கம். முதலில் லென்ஸைச் சந்தேகித்தேன், குற்றவாளி பெயின்ட்.

பார்வைப் பரப்பு 12 மி.மீ., படம் 2448 பிக்சல் அகலம். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 5 மைக்ரான். புள்ளி 3 முதல் 5 பிக்சல், அதாவது 15–25 மைக்ரான் இருக்க வேண்டும். ஸ்பிரே டப்பா துப்பியதோ 100 மைக்ரான். மென்பொருள் படத்துக்குப் படம் தேடி ஒப்பிடும் 29 பிக்சல் சிறு சதுரத்துக்குள் (சப்செட்) குறுக்கே ஒன்றரைப் புள்ளிதான் விழுந்தது. கணக்கு எதைப் பிடித்துக்கொள்ளும்?

பழைய பூச்சை அசிட்டோனால் துடைத்து, மேட் வெள்ளையை மெல்லிசாக அடித்து, 0.2 மி.மீ. நாசில் ஏர்பிரஷ்ஷில் நீர்த்த கறுப்பைத் தூவினேன். முதல் வீச்சு எப்போதும் காகிதத்தில்தான். பெருந்துளி தெறிப்பது அப்போதே.

இன்னொரு தொல்லை, ஓரங்கள் மங்கியது. இரு கேமராக்களுக்கு இடையிலான கோணத்தை 30 டிகிரியிலிருந்து 20 ஆக்கி, லென்ஸ் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கினேன். கோணம் குறைந்தால் ஆழ அளவில் பிழை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கோணத்தைத் தொட்டாலே தெரிந்த இடைவெளியில் புள்ளிகள் உள்ள தட்டை வைத்து மறு கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) கட்டாயம். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. போதும். ஹாலஜன் வைத்தால் சூடான காற்று நெளிந்து பொய்த் திரிபு காட்டும்.

இப்போது சுமைக்கு முன் 10 அசையாப் படங்கள் எடுத்து இரைச்சலை (சுமையின்றியே தோன்றும் பொய்த் திரிபை) பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டுகிறேன்.