நோய்க்கடத்திகளின் விழித்திரைப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலைக்கண்ணில் தொடங்கிப் பக்கப் பார்வை குறுகிக்கொண்டே போகும் பரம்பரை விழித்திரை நோயான ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா ஓர் ஆணுக்கு இருப்பது தெரிந்தவுடன், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பத்தார் அவரைச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அவருடைய தாயையும் அக்காள் தங்கைகளையும், "உங்களுக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே" என்று வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அவர்கள் கடத்திகளாக, அதாவது பழுதான மரபணுவைச் சுமந்து, தமக்கு நோய் முற்றாமலே பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்களாக இருக்கலாம். இந்நோயின் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. ஆர்பிஜிஆர் என்ற மரபணுவில் உள்ள பழுதே அதற்குப் பெரும்பாலும் காரணம். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அடங்கிவிடுகிறது என்ற கருத்தை மேரி லயன் 1961-இல் முன்வைத்தார். எந்தச் செல்லில் எது அடங்கும் என்பது தற்செயல் என்பதால், கடத்தியாக உள்ள பெண்ணின் விழித்திரையில் நல்ல செல்களும் பழுதுபட்ட செல்களும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும். சிலருக்குப் பார்வையே பாதிக்கப்படுவதும் உண்டு.

அந்தத் திட்டுகள் சாதாரண வண்ணப் படத்தில் தப்பிவிடக்கூடும். விழித்திரை தானாக உமிழும் மங்கலான ஒளியைப் பதிவுசெய்யும் ஆட்டோஃபுளோரசன்ஸ் படத்தில், ஊசி மருந்து எதுவும் ஏற்றாமலே, ஆர்பிஜிஆர் கடத்திகள் பலருக்கு விழித்திரையின் மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளிக்கீற்றுகள் விரிவதைக் காணலாம். எக்ஸ் வழியே வரும் இன்னொரு விழித்திரை நோயான கோராய்டெரீமியாவின் கடத்திகளுக்கோ வெளிச்சமும் இருளுமான சிறு புள்ளிகள் இறைந்திருக்கும். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்களைத் தனித்தனியாகக் காட்டும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ், கண்ணின் ஒளிப்பிழைகளை நெளியும் கண்ணாடியால் சரிசெய்து படமெடுக்கிறது. 1997-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதை வெளியிட்டார்கள். ஆனால் இன்றும் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கருவிதான். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஆட்டோஃபுளோரசன்ஸும், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் முதலில் போதும்.

படம் நன்றாக இருக்கிறது, ஆகவே கடத்தி அல்ல என்று முடிவுகட்டுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே தோன்றும் ஒடுங்கு வகை நோய்களில், கடத்திகளின் விழித்திரை பொதுவாக இயல்பாகவே இருக்கும்; மரபணுப் பரிசோதனைதான் விடை தரும். மறுபுறம், எக்ஸ் வழி நோயுள்ள ஆணின் பெண்மக்கள் அனைவரும் கடத்திகள் என்பது படமெடுக்காமலே உறுதி; அவர்களுக்குப் படம் எடுப்பது விழித்திரையின் நிலையை அறிவதற்காகவே.

அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இம்மாவட்டங்களில் இருப்பதால் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. நோயுள்ள தாய்மாமன், தானும் கடத்தியாக உள்ள அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் பெண்மக்களுக்கு இரு எக்ஸிலும் பழுது சேர்ந்து, ஆண்களைப் போலவே நோய் முற்ற வாய்ப்புண்டு. "பெண்ணுக்கும் வந்திருக்கிறது, எனவே எக்ஸ் வழி அல்ல" என்று அங்கே சொல்வது பிழையாகிவிடும். ஆகவே மருத்துவரிடம் உறவுமுறையைக் கூச்சப்பட்டு மறைக்காமல், யார் யாருக்கு எந்த வயதில் இரவுப் பார்வை மங்கியது என்று எழுதிக்கொண்டு போவது நல்லது. தாய்வழியில் வந்தது என்று தெரிந்ததும் அந்தத் தாயைக் குற்றவாளியாக்குவது அறிவீனம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நடைமுறைத் தவறுகள் இரண்டு. படமெடுக்கக் கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும் என்பதால், பைக்கை ஓட்டிக்கொண்டு பாலக்கோடோ தேன்கனிக்கோட்டையோ திரும்பக் கூடாது. இரண்டாவது, அச்சிட்ட தாளை மட்டும் வாங்கி வருவது. சில ஆண்டுகள் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட மூலப் படக்கோப்புகளே தேவைப்படும், அதுவும் இயன்றவரை அதே வகைக் கருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும்.