ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்: உலக வரலாற்றைப் படிக்க ஒரு வழி

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் கணினி விளையாட்டில் குள்ளர்களுக்குக் கோட்டை கட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் இறங்குவதற்கு முன்பே அந்த உலகத்துக்குப் பல வருட வரலாறு எழுதப்பட்டுவிடுகிறது. போர்கள், திருமணங்கள், ஊரை அழித்த மிருகங்கள் எல்லாம், அந்த வரலாற்றைப் படிப்பதற்கென்றே விளையாட்டில் உள்ள லெஜண்ட்ஸ் மோடில் இருக்கின்றன.

ஒரு சிக்கல்: கோட்டை நடந்துகொண்டிருக்கும்போது அந்த உலகின் லெஜண்ட்ஸ் திறக்காது. அதனால் ஆட்டம் சேமிக்கப்பட்டிருக்கும் சேவ் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் கோட்டையை ரிட்டையர் செய்துவிட்டு, அதாவது அந்தக் கோட்டையை விட்டு விலகிவிட்டு, லெஜண்ட்ஸைத் திறங்கள். அசல் ஆட்டம் அப்படியே இருக்கும்.

அப்புறம், முதல் வருடத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம், சலித்துவிடும். உங்கள் கோட்டைச் சுவரில் குள்ளர்கள் செதுக்கிய சிற்பங்களின் விவரணையைப் பாருங்கள். அவற்றில் பல, உண்மையில் அந்த உலகில் நடந்த சம்பவங்கள். அங்கே வரும் ஒரு பெயரைப் பிடித்து லெஜண்ட்ஸில் தேடினால், அவர் யாரைக் கொன்றார், எந்த ஊரில் வாழ்ந்தார் என்று கதை தானாக விரியும். எனக்கு இதைவிட நல்ல நுழைவாயில் தெரியவில்லை.

பெரிய உலகம் என்றால் அந்த வரலாற்றை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, ரசிகர்கள் உருவாக்கிய லெஜண்ட்ஸ் வியூவர் என்ற தனி மென்பொருளில் திறங்கள். பெயர்களைக் கிளிக் செய்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், வரைபடமும் பக்கத்திலேயே இருக்கும்.