ஒரே ‘இல்’ ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரியும்போது: காலமும் இடமும் காட்டும் முன்னிடைச்சொற்கள்

‘மேசையில் இருக்கிறது’, ‘பையில் இருக்கிறது’, ‘வாசலில் நிற்கிறார்’ என்னும் மூன்று தொடர்களிலும் தமிழ் ஒரே ஏழாம் வேற்றுமை உருபைக் கொண்டு பொருளை உணர்த்திவிடுகிறது. ஆங்கிலமோ முதலாவதற்கு ‘ஆன்’, இரண்டாவதற்கு ‘இன்’, மூன்றாவதற்கு ‘அட்’ என்று மூன்று முன்னிடைச்சொற்களை, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொற்களை, கேட்கிறது. பயிற்சி நூல்களில் கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்பிய பிறகும், சொந்தமாக ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பழைய தவறுகளே திரும்ப வந்தன. ஆங்கில விதிகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மனத்தில் எழும் தமிழ்த் தொடரின் உருபு எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பின்னரே அவை குறைந்தன. அந்த வழியையே இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படியாகக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில்தான் ஒழுங்கு அதிகம். கடிகார நேரத்துக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’: ‘அட் ஃபைவ் ஓ க்ளாக்’, ‘ஆன் மண்டே’, ‘இன் 2019’. காலையும் மாலையும் ‘இன் த மார்னிங்’, ‘இன் த ஈவினிங்’ என்று வரும். இரவு மட்டும் பொதுவாக ‘அட் நைட்’ என்று வரும். ஆனால் காலைக்கு முன்னால் ஒரு கிழமை வந்து நின்றுவிட்டால் கிழமையின் விதியே வெல்லும். ‘திங்கட்கிழமை காலையில்’ என்பதில் உள்ள ‘இல்’லைப் பார்த்து ‘இன் மண்டே மார்னிங்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஆன் மண்டே மார்னிங்’ என்பதே சரி.

இரண்டாவது படி இடம். பெரியதற்கு ‘இன்’, நடுத்தரத்துக்கு ‘ஆன்’, சிறியதற்கு ‘அட்’ என்று ஒரு தலைகீழ் முக்கோணத்தை வரைந்து கற்பிப்பது வழக்கம். காலத்துக்கு அந்தப் படம் நன்றாகவே உதவுகிறது. இடத்துக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சட்டைப்பை மிகச் சிறியது, ஆயினும் அதற்கு ‘இன்’ வருகிறது. அளவைக் கேட்பதற்குப் பதிலாக, அந்த இடத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். ‘இல்’லை எடுத்துவிட்டு ‘உள்ளே’ என்று வைத்தால் பொருள் பொருந்துமானால் ‘இன்’. ‘மேலே’ அல்லது ‘மேற்பரப்பில்’ என்று வைத்தால் பொருந்துமானால் ‘ஆன்’. உள்ளா மேலா என்பது பொருட்டாக இல்லாமல், சந்திக்கும் ஒரு புள்ளியாக மட்டும் அந்த இடம் நின்றால் ‘அட்’. புத்தகத்தில் என்றால் ‘இன் த புக்’, அதே புத்தகத்தின் 5ஆம் பக்கத்தில் என்றால் ‘ஆன் பேஜ் 5’. மூலைக்கும் முனைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழே நமக்குக் கற்றுத்தருகிறது: அறையின் மூலை நம்மை உள்ளடக்குவதால் ‘இன் த கார்னர்’, தெருமுனை வெளியே நீட்டி நிற்பதால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’.

வாகனங்களில் இந்தச் சோதனை தவறிவிடும். காருக்கு ‘இன்’, பேருந்து, தொடர்வண்டி, விமானம் ஆகியவற்றுக்கு ‘ஆன்’. எழுந்து நின்று நடமாட இடமுள்ள வாகனத்துக்கு ‘ஆன்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘பேருந்தில் வந்தேன்’ என்று பயண வழியை மட்டும் சொல்லும்போது ‘பை பஸ்’ என்பதே இயல்பு.

மூன்றாவது படியில்தான் நான் நெடுநாள் தடுக்கி விழுந்தேன். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்’ என்ற எண்ணத்தில் ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்று ஒருமுறை எழுதினேன். பெற்றவர் வியாழன் மாலைவரை காத்திருந்து, வராதது கண்டு வருந்தினார். நானோ வெள்ளி நண்பகலில் அனுப்பிவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவே எண்ணியிருந்தேன். நம் ‘குள்’ வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொள்கிறது, ‘பிஃபோர்’ சேர்த்துக்கொள்வதில்லை. அடுத்த முறை ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதினேன், அதுவும் பிழை. ‘குள்’ளுக்கு முன்னால் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. அங்கே ஒரு கால அளவு இருந்தால், அதாவது ‘இரண்டு நாளுக்குள்’ என்றால், ‘விதின் டூ டேஸ்’. அங்கே ஒரு கெடு இருந்தால், அதாவது ‘வெள்ளிக்குள்’, ‘ஐந்து மணிக்குள்’ என்றால், ‘பை ஃப்ரைடே’, ‘பை ஃபைவ் ஓ க்ளாக்’. ‘வரை’ என்பது வேறு: ஒரு செயல் அந்நேரம்வரை இடைவிடாமல் தொடர்ந்தால் மட்டுமே ‘அன்டில்’. ‘வெள்ளிவரை இங்கே இருப்பேன்’ என்பதற்கு ‘அன்டில் ஃப்ரைடே’. ‘வெள்ளிக்குள் முடிப்பேன்’ என்பதற்கு அது ஒருபோதும் வராது.

இதே கண்ணோட்டம் ‘மூன்று ஆண்டுகளாக’, ‘2019 முதல்’ என்னும் இரண்டையும் பிரித்துத் தருகிறது: அளவைச் சொல்லும் ‘ஆக’வுக்கு ‘ஃபார்’, தொடக்கத்தைச் சொல்லும் ‘முதல்’லுக்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை.

ஐயம் வரும்போது ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறக்காதீர்கள். அது மூன்று சொற்களுக்கும் ‘இல்’ என்ற பொருளையும் தரக்கூடும். ஆங்கிலம் கற்போருக்கென்று ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட பயிலுநர் அகராதியை எடுத்து, முன்னிடைச்சொல்லைத் தேடாமல் அதை அடுத்து வரும் பெயர்ச்சொல்லைத் தேடி, அங்குள்ள எடுத்துக்காட்டுத் தொடர்களைப் படியுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதியது ஏன் திருத்தப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். கிழமைக்கோ மாதத்துக்கோ ஆண்டுக்கோ முன்னால் ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ ஆகியவற்றுள் ஒன்று வந்தால் முன்னிடைச்சொல்லே தேவையில்லை. ‘அடுத்த திங்கட்கிழமை வருகிறேன்’ என்று தமிழிலும் நாம் உருபின்றியே சொல்கிறோம். வார இறுதிக்கு ‘அட் த வீக்கெண்ட்’ என்பது பிரித்தானிய வழக்கு, ‘ஆன் த வீக்கெண்ட்’ என்பது அமெரிக்க வழக்கு. இரண்டும் சரியே, ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.