வார்டிலேயே 20 நிமிட வகுப்பு: முதன்முறை எடுக்கும் நர்ஸுக்கான செய்முறை

இன்-சர்வீஸ் வகுப்பு (பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கான பயிற்சி) எடுக்கச் சொன்னதும் பலரும் முதலில் தேடுவது புரொஜெக்டரை. வார்டு வகுப்புக்கு அது தேவையில்லை. 20 நிமிடத்தில் ஒரே ஒரு கைவேலையைத்தான் திருத்த முடியும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ரிஜிஸ்டரில் கையெழுத்துதான் மிஞ்சும். இங்கே ஐவி லைனில் மருந்து செலுத்தும் முன் கனெக்டரை, அதாவது சிரிஞ்சை மாட்டும் முனையை, துடைப்பதை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த வேலைதான், ஆனால் அவசரத்தில் முதலில் அரைகுறையாவதும் அதுதான்.

படி 1: முதலில் கவனியுங்கள்

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, வெவ்வேறு ஷிப்டுகளில் 10 முறை மருந்து செலுத்துவதைப் பாருங்கள். யார் என்று குறிக்காதீர்கள். மூன்றே கேள்விகள்: துடைத்தார்களா? எத்தனை விநாடி? காய விட்டார்களா? விநாடியை எண்ணாக எழுதி, மற்ற இரண்டுக்கும் ஆம், இல்லை என்று கோடு போட்டால் போதும். பெயர் எழுதினால் அது பாடம் அல்ல, விசாரணை ஆகிவிடும். அடுத்த முறை உங்களைக் கண்டதும் எல்லோரும் அழகாகத் துடைப்பார்கள்.

கவனிக்கும்போதே காரணத்தையும் தேடுங்கள். மருந்து ட்ராலியில் ஸ்வாப் (ஆல்கஹால் தோய்த்த துடைப்புத் துண்டு) தீர்ந்திருந்தால், நான்கு படுக்கை தாண்டிப் போய் யாரும் எடுத்து வரமாட்டார்கள். அது அறியாமை இல்லை, ஸ்டாக் பிரச்சினை. வகுப்பால் தீராது, இன்சார்ஜிடம் சொல்லி ட்ராலியை நிரப்பச் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால், நல்ல வகுப்புகூட வீணாகும்.

படி 2: நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

‘கிருமித்தொற்றுத் தடுப்பு பற்றி அறிந்துகொள்வர்’ என்று எழுதினால் அதை எப்படி அளப்பது? இப்படி எழுதுங்கள்: ‘ஒவ்வொரு முறை லைனைத் திறக்கும்போதும் புது 70% ஆல்கஹால் ஸ்வாபால் கனெக்டரை 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காய விட்டுச் சிரிஞ்சை மாட்டுவர்.’ உங்கள் மருத்துவமனை நெறிமுறையில் வேறு கரைசலோ வேறு நேரமோ இருந்தால் அதையே எழுதுங்கள். வகுப்பில் ஒன்று, நெறிமுறைத் தாளில் வேறொன்று என்றால் குழப்பத்துக்கு நீங்களே காரணம்.

படி 3: நேரமும் ஆட்களும்

ஹேண்டோவர் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது) முடிந்த கையோடு வைக்காதீர்கள். கிளம்புகிறவர் மனம் வாசலில் இருக்கும், வந்தவர் மனம் நோயாளியிடம் இருக்கும். ஷிப்டின் நடுவில், மருந்து ரவுண்டு முடிந்தபின் கிடைக்கும் இடைவெளிதான் உகந்தது. ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் அழைப்பு மணிக்கு யார் போவது என்பதை முன்பே பேசிவைக்க வேண்டும். இரவு ஷிப்டுக்குத் தனியாக எடுங்கள். ‘பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்று விடப்படுவது எப்போதும் அவர்கள்தான்.

படி 4: பொருட்கள்

இருவருக்கு ஒரு ட்ரே: கனெக்டர் மாட்டிய ஒரு துண்டு ஐவி குழாய், 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஸ்வாப் ஆறு. விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று எல்லோர் கண்ணிலும் படும்படி. காலாவதியான பொருட்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று ட்ராலிக்குள் கலந்தாலும் அது நோயாளியிடம் போய்ச் சேரும்.

படி 5: அந்த 20 நிமிடம்

முதல் மூன்று நிமிடம் எதுவும் சொல்லாமல் எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள். பிறகு அறுவை சிகிச்சை நிபுணர் ராட்னி பெய்டன் 1998-இல் முன்வைத்த நான்கு கட்ட முறை:

1. நீங்கள் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டுங்கள்.
2. மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லிச் செய்யுங்கள்.
3. கற்பவர் படிகளைச் சொல்ல, அவர் சொன்னதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.
4. கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வார்.

பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது. மறந்த படி வெளியே வருவது அங்கேதான். ‘காய விடணும்’ என்று அவர் சொல்ல மறந்தால், ஈரத்தோடே சிரிஞ்சை மாட்டப் போங்கள். பக்கத்தில் இருப்பவர் தடுத்துவிடுவார்.

இரண்டாம் கட்டத்தில் காரணங்களை ஊன்றிச் சொல்லுங்கள். கனெக்டரின் மேல்முகத்தை மட்டும் அல்ல, பக்கவாட்டுத் திருகு வரிகளையும் தேய்க்க வேண்டும்; அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொள்வது அந்த வரிகளில். ஆல்கஹால் கொல்லும், தேய்ப்பு பெயர்த்தெடுக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். காயும் முன் மாட்டினால் கிருமியைக் கொல்லும் நேரமும் குறையும், ஆல்கஹாலும் லைனுக்குள் போகும். வாயால் ஊதுவது, கையால் விசிறுவது, துடைத்த மேல்முகத்தை விரலால் தொடுவது, கனெக்டரைப் படுக்கை விரிப்பில் விழவிடுவது: இவற்றில் எது நடந்தாலும் புது ஸ்வாபோடு முதலிலிருந்து.

நான்காம் கட்டம் இருவர் இருவராக. ஒருவர் செய்ய, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, படிகளை வரிசையாக எழுதிய சரிபார்ப்புத் தாளைப் பிடிப்பார். பேச்சில்லாமல் எண்ணினால் 15 விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். அநேகம் பேர் ஆறு, ஏழிலேயே கையை எடுக்கப் பார்ப்பார்கள். மூத்த நர்ஸை இளையவர் முன் திருத்துவது சங்கடம். அவர் கையில் முதலில் தாளைக் கொடுங்கள். ‘சிஸ்டர், இன்னும் நேரம் இருக்கு’ என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், தன் முறை வரும்போது அவரே கவனமாகச் செய்வார்.

கடைசி இரண்டு நிமிடம் கேள்விகளுக்கு. பதில் தெரியாவிட்டால் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் கேட்டுச் சொல்வதாக எழுதிக்கொண்டு, கட்டாயம் போய்ச் சொல்லுங்கள்.

படி 6: மறதிக்கு மருந்து

கற்றது தொடக்கத்தில்தான் வேகமாக மறக்கும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் ஐந்தைந்து நிமிடம், மருந்து அறையிலேயே, மறுபடி செய்ய வையுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

படி 7: பலன் கிடைத்ததா?

‘வகுப்பு பிடித்ததா?’ என்ற படிவத்தில் எல்லோரும் ‘மிக நன்று’ என்றுதான் எழுதுவார்கள். எழுத்துத் தேர்வு நினைவைக் காட்டும், பழக்கத்தைக் காட்டாது. நான்கு வாரம் கழித்து, படி 1-இல் செய்ததுபோலவே 10 முறை கவனியுங்கள். 10-இல் 3 ஆக இருந்தது 8 ஆகியிருந்தால் எண்ணை வார்டுப் பலகையில் எழுதுங்கள். அசையவே இல்லை என்றால் மறு வகுப்புக்கு ஓடாமல், மறுபடி ட்ராலியைத் திறந்து பாருங்கள்.

பதிவில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நோக்க வரி, வந்தவர் பெயரும் பதிவு எண்ணும், முன்பின் கவனிப்பு எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நர்ஸாகப் பணிபுரியும் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரம் கேட்கும் இடங்களில் இந்த வகுப்பு கணக்கில் வருமா, எடுத்தவருக்கும் மணிநேரம் உண்டா என்பதை உங்கள் நர்ஸிங் கவுன்சிலிடம் வகுப்புக்கு முன்பே கேளுங்கள். முன் அனுமதி தேவைப்பட்டால், வகுப்பு முடிந்தபின் கேட்பதில் பயனில்லை.