போனின் பெயரை நம்பிப் பயணம் புறப்படாதீர்கள்

எதிர்வீட்டு அக்கா தன் மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் புறப்பட்ட அன்று, ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் போனை என் கையில் கொடுத்தார். "தம்பி, மகள் இ-சிம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். இதில் ஏற்றிக் கொடு." அட்டையாகச் செருகாமல் இணையம் வழியாகவே போனுக்குள் இறக்குகிற சிம் அது. ஐபோன் 14. 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் காலத்திலிருந்தே ஐபோனில் இ-சிம் உண்டு என்ற நினைப்பில் அலட்சியமாகத்தான் செட்டிங்ஸைத் திறந்தேன். இ-சிம் சேர்க்கும் இடத்தையே காணோம். சிம் தட்டை வெளியே இழுத்தால், முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு சிம்கள். சீனச் சந்தைக்கென்று செய்த போன் அது.

பெரும்பாலோர் சறுக்குகிற இடம் இதுதான். போனின் பெயரைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறோம். ஐபோன் 14 என்பது ஒரே பெயர்தான், உடம்பு மூன்று. அமெரிக்காவில் விற்றதில் சிம் தட்டே கிடையாது, முழுக்க இ-சிம். சீனாவில் விற்றதில் இரண்டு சிம் போடலாம், இ-சிம் கிடையாது. மற்ற பெரும்பாலான நாடுகளில் விற்றதில் ஒரு சிம்மும் இ-சிம்மும் சேர்ந்து வேலை செய்யும். சாம்சங்கிலும் இந்தக் கூத்து உண்டு: கேலக்ஸி எஸ்20 வரிசையில் இ-சிம் வந்தது என்றாலும், எல்லா நாட்டுப் பதிப்பிலும் அது இல்லை. நம் பக்கத்திலோ வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பியது, கொழும்பில் பழையதாக வாங்கியது, மாமா வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது என்று போன்கள் எந்த ஊர் வழியாகவும் வந்து சேர்கின்றன. கூகுளில் "இந்த மாடலில் இ-சிம் உண்டா" என்று தேடினால் வருகிற பதில், உங்கள் கையில் இருக்கும் போனைப் பற்றியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

போனையே கேட்டுவிடுவது நல்லது. அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எல்லாப் போனிலும் வரும். அது 15 இலக்கம். அதோடு இஐடி என்று 32 இலக்கத்தில் ஒரு நீண்ட எண் வந்தால், இ-சிம்முக்கான சில்லு உள்ளே இருக்கிறது. இரண்டு ஐஎம்இஐ தெரிகிறதே, அப்படியானால் ஒன்று இ-சிம்முக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எடுத்துக்கொள்ள முடியாது; சாதாரண இரட்டைச் சிம் போனிலும் ஐஎம்இஐ இரண்டுதான். இஐடி வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடாமல் செட்டிங்ஸுக்குள் போய் 'ஆட் இ-சிம்' இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸுக்குள் சிம் மேனேஜரில் இருக்கும். சில பதிப்புகளில் சில்லு இருந்தும் அந்த வசதியை அடைத்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது பூட்டு. வெளிநாட்டில் தவணைக்கு எடுத்த போன் ஒரே நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கலாம்; இ-சிம் வசதி இருந்தும் வேறு நிறுவனத்தின் இ-சிம்மை ஏற்காது. ஐபோனில் ஜெனரல், அதற்குள் அபவுட், அங்கே கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

மலையகத்தில் இரண்டு சிம் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. தோட்டத்து லய வீட்டுக்குள் ஒன்று சிக்னல் எடுக்கும், டவுனுக்கு இறங்கினால் மற்றது. இந்தப் பழக்கத்தோடு இ-சிம் போட நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இ-சிம் உள்ள இரட்டைச் சிம் போன்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகள்தான் இயங்கும். இ-சிம் விழித்தால் மற்ற இரண்டில் ஒன்று தூங்க வேண்டும். எது தூங்கலாம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வருகிற எண் மட்டும் தூங்கக்கூடாது. பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமானவை, அவற்றுக்குத் தொலைபேசி எண்ணே இருக்காது. ஆகவே நம் ஊர் எண் வெளிநாட்டிலும் வேலை செய்யும்படி புறப்படுவதற்கு முன்பே ரோமிங் போட்டுவிட்டு, அதன் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள்.

இ-சிம்மை இறக்கவே இணையம் வேண்டும். ரயிலில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஹட்டன் பக்கத்துச் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்கு உள்ளேயா ஏற்றுவீர்கள்? கியூஆர் குறியீடு அதே போனின் மின்னஞ்சலுக்கு வந்திருந்தால் அதை ஸ்கேன் பண்ண இன்னொரு திரை தேவைப்படலாம். அந்தக் குறியீடுகள் பலவும் ஒரு முறைக்குத்தான் செல்லும். வேலை செய்யவில்லை என்று பதறி இ-சிம்மை அழித்தால், பணத்தையும் அழித்த மாதிரி ஆகிவிடலாம். திட்டத்தின் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது, இறக்கிய உடனேயா, அந்த நாட்டு வலையமைப்பைத் தொட்ட பிறகா என்பதையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

அக்காவுக்கு வேறு வழியில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் சாதாரண சிம் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் போட்டிருக்கிறார். கழற்றியது வங்கியில் கொடுத்திருந்த எண். மூன்றாம் நாள் பணம் அனுப்ப ஓடிபிக்காகக் காத்திருந்து, அது வராமல் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசினார். அந்தச் சிம் எங்கே என்று கேட்டேன். பைகளையெல்லாம் கொட்டித் தேடிய பிறகு கிடைத்தது, மாணிக்கப்பிள்ளையார் கோவில் திருநீற்றுப் பொட்டலத்துக்குள்.