முதன்முதலாக நாய் வளர்க்கிறீர்களா? மாதக் கணக்கில் துண்டு விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நாய் வளர்க்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சாப்பாட்டுச் செலவைத்தான் சொல்வார்கள். ஆனால் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போடுவது சாப்பாடு அல்ல. வருடத்துக்கு ஒருமுறை வரும் தடுப்பூசி, ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் இடத்துக்கான கட்டணம், திடீரென்று நள்ளிரவில் வரும் வாந்தி இவைதான். இவை எப்போதாவது வருவதால், எந்த மாதக் கணக்கிலும் இடம்பிடிப்பதில்லை. வரும்போது கடனாக வருகின்றன.

இதைச் சரிசெய்ய ஒரு நோட்டு, செல்போனில் இருக்கும் கால்குலேட்டர், சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, இவ்வளவு போதும். புதிதாக வாங்க வேண்டியது என்றால் அந்தத் தராசு மட்டும்தான். அதன் விலை சீக்கிரமே திரும்பி வந்துவிடும். எப்படி என்பதை இரண்டாவது படியில் சொல்கிறேன்.

படி 1: செலவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில் மாதா மாதம் தவறாமல் வரும் செலவு: சாப்பாடு, உண்ணி மருந்து, மலம் அள்ளும் பைகள்.

இரண்டாவது பத்தியில், வரும் என்று தெரியும், ஆனால் மாதா மாதம் வராத செலவு: தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, வருடாந்திர உடல் பரிசோதனை, உள்ளூர் நிர்வாகம் கேட்டால் உரிமக் கட்டணம், அறுந்துபோன கழுத்துப் பட்டைக்கு மாற்று, நீங்கள் வெளியூர் போகும் நாட்களுக்கான பராமரிப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது வரும் மாதத்தையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் நீங்கள் மாதா மாதம் தனியாக எடுத்துவைக்க வேண்டிய தொகை. சம்பளம் வந்த அன்றைக்கே எடுத்துவைப்பது நல்லது. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் வைக்கலாம் என்று நினைத்தால் மிச்சம் இருக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வருடத்தின் நடுவில் தொடங்குகிறீர்கள், தடுப்பூசிக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால், அந்தத் தொகையை இந்த முறை மட்டும் 4-ஆல் வகுக்க வேண்டும். முதல் சுற்று கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் சீராகிவிடும்.

மூன்றாவது பத்தி திடீர்ச் செலவு. அதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

படி 2: சாப்பாட்டைக் கண்ணளவில் போடாமல் அளந்து போடுங்கள்

சிக்கனம் என்றதும் மலிவான உணவுக்கு மாறுவதைப் பற்றித்தான் பலரும் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, இப்போது போடும் உணவு சரியான அளவா என்று பார்ப்பது. தேவைக்கு மேல் போடும் ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு முறை பணம் கொடுக்கிறோம்: கடையில் ஒருமுறை, பின்னால் மூட்டு வலிக்கும் மற்ற நோய்க்கும் மருத்துவமனையில் ஒருமுறை.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கை நீங்களே போடலாம். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணால் மூன்று தடவை வருமாறு பெருக்குங்கள். 10 கிலோ நாய் என்றால் 10 × 10 × 10 = 1000. இதற்கு வர்க்கமூலம் எடுங்கள், 31.6 வரும். அதற்கும் ஒருமுறை வர்க்கமூலம் எடுங்கள், 5.62 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 394. சும்மா படுத்திருக்க மட்டும் அந்த நாயின் உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி இது. கருத்தடை செய்த, வளர்ந்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 630 கலோரி. கருத்தடை செய்யாத நாய்க்கு 1.8-ஆல். வளரும் குட்டிக்கும், சினையாக இருக்கும் அல்லது பாலூட்டும் நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குத் தேவை மிக அதிகம், டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இப்போது உணவுப் பையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு இத்தனை கலோரி என்று போட்டிருக்கும், அல்லது ஒரு கிலோவுக்கு. 100 கிராமுக்கு 420 கலோரி என்றால், 630 கலோரிக்கு 150 கிராம். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். தராசில் கிண்ணத்தை வைத்து 150 கிராம் போட்டுப் பாருங்கள், பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், “இவ்வளவு கொஞ்சமா?” என்று. டம்ளரால் அளப்பவர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் “ஒரு டம்ளர்” எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் கோபுரமாகக் குவிப்பார். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் போடும் வீட்டில் நாய் குண்டாவது பெரும்பாலும் இப்படித்தான்.

தின்பண்டமும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். நாளொன்றுக்கு வேண்டிய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. 630-இல் அது 63. அதைக் கொடுத்தால் உணவை 150-லிருந்து 135 கிராமாகக் குறைக்க வேண்டும். பழக்கும்போது கொடுக்கும் பரிசுக்கு அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்துவைத்துக்கொண்டால் தின்பண்டச் செலவும் குறையும். நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் முக்கியம், துண்டு எவ்வளவு பெரியது என்பதில்லை.

சூத்திரம் ஒரு தொடக்கம்தான். ஒவ்வொரு நாயின் உடம்பும் வேறு. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை மேசைமேல் தட்டையாக வைத்து, புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். மூடிய முஷ்டியின் முட்டிகள்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதைபோல் மெத்தென்று இருந்தால் எடை கூடியிருக்கிறது. அதற்கேற்ப பத்துப் பத்து கிராமாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

அளந்து போடுவதால் நாயை வாட்டுகிறோமோ என்று மனசு கேட்காதவர்களுக்காக ஒரு தகவல். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. பாதி நாய்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி சேர்த்த இன்னொரு நாய் சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாகவே கொடுத்தார்கள். அந்த நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகமாக இருந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் தள்ளிப்போனது.

படி 3: பையின் விலையைப் பார்க்காமல் ஒரு நாளின் விலையைப் பாருங்கள்

இரண்டு பைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 100 கிராமுக்கு 340 கலோரி, இன்னொன்றில் 420. நம் 10 கிலோ நாய்க்கு முதலாவதில் நாளுக்கு 185 கிராம் வேண்டும், இரண்டாவதில் 150. அதாவது ஒரு கிலோ முதலாவது ஐந்தரை நாள்கூட வராது, இரண்டாவது ஆறரை நாளைத் தாண்டும். ஆகவே இரண்டாவது பை கிலோவுக்கு 20 சதவீதம் விலை கூடியிருந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

பெரிய பை எப்போதும் லாபம் என்பதும் முழு உண்மை இல்லை. உலர் உணவில் இருக்கும் கொழுப்பு, பையைத் திறந்த பிறகு மெல்லக் கெட ஆரம்பிக்கும். திறந்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. நாளுக்கு 150 கிராம் என்றால் 42 நாளில் 6.3 கிலோ. அப்படியானால் இந்த நாய்க்கு ஆறு கிலோ பைதான் எல்லை. அதற்கு மேல் போனால் தள்ளுபடியில் கிடைத்த லாபம் கடைசியில் குப்பைக்குப் போகும். நாய் வளர்க்கும் நண்பர் இருந்தால் பெரிய பையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். உணவை அசல் பையோடு சேர்த்தே மூடி இறுகிய டப்பாவுக்குள் வையுங்கள். வெறும் டப்பாவில் கொட்டினால் ஓரங்களில் ஒட்டும் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், காலாவதித் தேதியும் கையில் இருக்காது.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரி ஒன்று பையில் உண்டு: நாயின் வயதுக்கு ஏற்ற “முழுமையான, சமச்சீரான” உணவு என்ற உறுதிமொழி. அது இருக்கும் உணவுகளில் மலிவானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வந்து, மிச்சம் பிடித்தது மருந்துக்குப் போய்விடும்.

வீட்டிலேயே சமைத்துப் போட்டால் மிச்சமாகுமே என்று தோன்றும். 2013-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. சத்துணவு தெரிந்த கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த குறிப்பு இருந்தால் தாராளமாகச் சமையுங்கள். நம் தட்டில் மிஞ்சியதைப் போடுவது அதற்கு ஈடாகாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாத மிட்டாய்கள் எல்லாம் நாய்க்கு நஞ்சு.

படி 4: நோய் தடுப்பில் கை வைக்காதீர்கள்

பட்ஜெட் இறுகும் மாதத்தில் முதலில் தள்ளிப்போடத் தோன்றுவது தடுப்பூசியும் உண்ணி மருந்தும்தான், ஏனென்றால் நாய் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேறு எதையாவது குறையுங்கள். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் வந்த குட்டியை நாள்கணக்கில் மருத்துவமனையில் வைத்து டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்கும் இதே கதைதான்: தடுக்க மாதம் ஒரு மருந்து, வந்துவிட்டால் வலி மிகுந்த ஊசிகள், மாதக்கணக்கில் ஓடாமல் கட்டிவைக்கும் சிகிச்சை.

சிக்கனத்துக்கு இங்கேயும் இடமுண்டு. “என் நாய்க்கு எந்தத் தடுப்பூசி வருடா வருடம் வேண்டும், எது மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்), பார்வோ போன்றவற்றுக்கு, குட்டிப் பருவ ஊசித் தொடரும் அதற்கடுத்த ஊக்க ஊசியும் முடிந்தபின் மூன்று வருட இடைவெளி பொதுவாகப் போதுமானது. ரேபிஸுக்கு அங்கங்கே உள்ள சட்டப்படி. கருத்தடை அறுவை ஒருமுறை செலவு, பெண் நாய்க்குப் பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தை அது நீக்கிவிடுகிறது.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

படி 5: வீட்டிலேயே முடியும் வேலைகளைக் கையில் எடுங்கள்

பல் துலக்குவதில் தொடங்குங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல் சுத்தம் விலை அதிகம். மென்மையான பிரஷும் நாய்க்கான பேஸ்ட்டும் போதும், நம் பேஸ்ட் வேண்டாம். முதல் சில நாள் விரலால் ஈறைத் தொட்டுப் பழக்குங்கள், அப்புறம் பிரஷ். வெளிப்பக்கத்தைத் துலக்கினாலே பெரும்பங்கு முடிந்தது.

நகம் வெட்ட ஒருமுறை டாக்டரோ பராமரிப்பாளரோ செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நகத்துக்குள் ரத்த நாளம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டபின் நீங்களே நுனியை மட்டும் வெட்டலாம். குளியலுக்கு நாய் ஷாம்பு, அதுவும் அடிக்கடி வேண்டாம்.

விளையாட்டுப் பொருளுக்குச் செலவே தேவையில்லை. அன்றைய உணவில் பாதியைப் புல்தரையில் தூவிவிடுங்கள், அல்லது ஒரு பழைய துண்டில் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். மோப்பம் பிடித்துத் தேடித் தின்னும் கால் மணி நேரத்தில் நாய் நன்றாகக் களைத்துவிடும், சலிப்பில் செருப்பைக் கடிப்பதும் குறையும். பக்கத்திலேயே இருங்கள், துணியைக் கிழித்து விழுங்கிவிடக் கூடாது. பழைய சாக்ஸும் வேகவைத்த எலும்பும் வேண்டவே வேண்டாம். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான்.

படி 6: மூன்றாவது பத்தியை நிரப்புங்கள்

உங்கள் கால்நடை மருத்துவமனையில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: வேலை நேரத்துக்கு அப்பால் அவசரமாக வந்தால் கட்டணம் எவ்வளவு, நாய் விழுங்கிய பொருளை எடுக்கும் அறுவைக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும். முதல் தொகை உங்கள் முதல் இலக்கு. அதைச் சேர்த்தபின் இரண்டாவதை நோக்கி மெல்லச் சேருங்கள். இந்தப் பணம் வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனியாக இருக்கட்டும். அளந்து போடத் தொடங்கியபின் உணவில் மிஞ்சுவதை அப்படியே இதில் போடலாம்.

காப்பீடு எடுக்க நினைத்தால் நாய் இளமையாக, நோயில்லாமல் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. காத்திருப்புக் காலம், ஒவ்வொரு முறையும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, வருட உச்சவரம்பு மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் பணம் போதாத நாள் வரலாம். அப்போது வெட்கப்படாமல் சிகிச்சை தொடங்கும் முன்பே, “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எந்தப் பரிசோதனை இன்றே அவசியம், எது காத்திருக்கலாம், இதைவிட எளிய சிகிச்சை வழி உண்டா, தவணையில் கட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முன்கூட்டியே சொன்னால், அந்தத் தொகைக்குள் நாய்க்கு எது அதிகம் உதவும் என்று பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிட டாக்டருக்கும் வழி இருக்கும்.