பூட்டிட்டு ஊருக்குப் போற வீட்டுக்கு அலாரம் மாட்டுறது, மாட்டினதைப் பாத்துக்கறது

அலாரம் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அது கத்துனா யாரு வந்து பாப்பாங்க? நம்ம ஊர்ல வீடுகள்ல மாட்டுற கிட்டு பெரும்பாலும் எந்த கண்ட்ரோல் ரூமுக்கும் போறதில்ல, சைரன் கத்தும், உங்க போனுக்கு கால் வரும், அவ்ளோதான். நீங்க சென்னையில வீட்டைப் பூட்டிட்டு திருச்செந்தூர்ல இருந்தா போன் வந்து என்ன பிரயோஜனம், பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பாக்கணும். அவரு ரெண்டு தடவை சும்மா கத்துனதுக்கு எந்திரிச்சு வந்துட்டார்னா மூணாவது தடவை போர்வையை இழுத்துப் போத்திட்டு படுத்துருவார். அதனால ரெண்டே விஷயம்தான், சும்மா கத்தக் கூடாது, கத்த வேண்டிய நேரத்துல செத்துக் கிடக்கவும் கூடாது.

கிட்டு வாங்கறப்ப முதல்ல பாக்க வேண்டியது சிம். கம்மி விலை ஜிஎஸ்எம் பேனல் (சிம் போட்டு கால் பண்ற, அலாரத்தோட மெயின் டப்பா) நிறைய வெறும் 2ஜிதான், ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம்மைப் போட்டா சிக்னலே எடுக்காது, கடையில கேட்டா சிலர் "எல்லா சிம்மும் போடலாம் சார்"னு சொல்லிடுவாங்க. பெட்டி மேல 4ஜின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. வைஃபை மட்டும் உள்ளதை நம்பாதீங்க, கரண்ட் போனா ரூட்டர் போச்சு, அலாரத்துக்கு வாயும் போச்சு. சிம், வைஃபை ரெண்டும் இருக்கறது நல்லது. வைஃபைக்கு பெரும்பாலான பேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் சேரும், ஆப் கனெக்ட் ஆகலைன்னா போனை ரூட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேர்ல சேத்து வெச்சிருக்கீங்களான்னு ஒரு தடவை பாருங்க. சிம்முல பின் லாக் இருந்தா வேற போன்ல போட்டு எடுத்துட்டு அப்புறம் பேனல்ல போடுங்க.

இப்ப சென்சார். எல்லாரும் ஹால்ல ஒண்ணு, வாசக்கதவுல ஒண்ணு மாட்டிட்டு நிம்மதியாயிடறாங்க, ஆனா தெருவைப் பாத்த கதவை விட்டுட்டு கொல்லைப்புறக் கதவு, மொட்டை மாடிப் படிக்கட்டுக் கதவு இதுங்க வழியா வரதுதான் திருடனுக்கு சௌகரியம், அங்க யாரும் பாக்க மாட்டாங்க இல்ல. மாடிக் கதவு பெரும்பாலும் தகரமோ பழைய பலகையோதான், ஒரு கடப்பாரைக்குத் தாங்காது. முதல் டோர் சென்சாரை அங்க மாட்டுங்க.

டோர் சென்சார் ரெண்டு துண்டா வரும், ஒண்ணுல வெறும் காந்தம், இன்னொண்ணுல சுவிட்ச். காந்தத்தைக் கதவுலயும் சுவிட்ச் உள்ளதை நிலையிலயும் கீலுக்கு எதிர்ப்பக்கம் மேல மாட்டணும், ரெண்டுலயும் சின்னதா ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும், அது ரெண்டும் நேருக்கு நேர் வரணும், நடுவுல இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. கூட வர்ற டபுள் டேப்பை நம்பி ஒட்டாதீங்க, சித்திரை வெயில்ல பசை இளகி நடுராத்திரி பொத்துனு விழும், அது விழுந்தாலும் அலாரத்துக்கு கதவு திறந்த கணக்குத்தான். ஸ்க்ரூ போட்டுடுங்க. மரக்கதவு ஐப்பசி மழையில உப்பிக்கும், வெயில்ல சுருங்கும், அதனால கதவைப் பூட்டிட்டு வெளிய நின்னு நல்லா ஆட்டிப் பாருங்க, ஆட்டுனதுக்கே கத்துனா இடைவெளி ஜாஸ்தின்னு அர்த்தம். இரும்புக் கதவு, கிரில் கேட்டுக்கு சாதா காந்தம் சரிப்படாது, இரும்பு காந்தத்தோட சக்தியை இழுத்துக்கும், அதுக்குன்னே பெரிய சைஸ்ல வரும், அதை வாங்குங்க.

அடுத்தது மோஷன் சென்சார், பிஐஆர்னு சொல்றது. சும்மா கத்தறதுல முக்கால்வாசி இதுனாலதான். அது ஆளைப் பாக்கறதில்ல, சூடு நகர்றதைப் பாக்குது. அதனால வெயில் நேரா விழற ஜன்னல், ஏசி காத்து, அடுப்பு இதுங்களைப் பாத்தாப்ல வைக்கக் கூடாது. ஏழடி உயரத்துல ஒரு மூலையில, ஆள் அதுக்குக் குறுக்க நடந்து போற மாதிரி வைங்க, நேரா அதை நோக்கி வர்ற ஆளை அது கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும். கண்ணாடி வழியா அதுக்குத் தெரியாது, ஜன்னலுக்கு வெளிய நிக்கறவனைப் பிடிக்கும்னு நினைச்சு உள்ள வெச்சா வேலைக்காகாது. இன்னொண்ணு, மே மாசத்துல மூடின வீட்டுக்குள்ள வெக்கை நம்ம உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துரும், அப்ப ஆளுக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியாம சென்சார் மந்தமாயிடும், அதனாலதான் பிஐஆரை மட்டும் நம்பாம கதவுலயும் போடச் சொல்றேன்.

அப்புறம் நம்ம பல்லியார். பூனை நாய்க்கு ஏமாறாத பெட் இம்யூன் சென்சார் வருது, சரி, ஆனா பல்லி அந்த வெள்ளை லென்ஸ் மேலயே ஏறி உக்காந்தா எந்த சென்சாருக்கும் அது யானை மாதிரிதான் தெரியும். டியூப்லைட்டுக்குப் பக்கத்துல பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அதனால லைட்டை விட்டுத் தள்ளி மாட்டுங்க, சென்சாருக்குப் பின்னாடி ஒயர் வர்ற ஓட்டை, சுவத்துக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்கற சந்து எல்லாத்தையும் சிலிக்கான் வெச்சு அடைச்சிடுங்க. உள்ள சிலந்தி கூடு கட்டுறதும் அதோட நிக்கும்.

ஒயர் இழுத்து மாட்டுறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சென்சார் லைன்ல கடைசியில, ஒயர் சரியா இருக்கான்னு பேனல் தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர் வரும், என்ன மதிப்புன்னு பேனல் மேனுவல்ல போட்டிருக்கும், அதை சென்சார் பக்கத்துலதான் மாட்டணும். ஈசியா இருக்குன்னு நம்ம எலக்ட்ரீஷியன் பேனல் டப்பாக்குள்ளயே முறுக்கிட்டுப் போயிடுவார், எல்லாம் வேலை செய்ற மாதிரியே இருக்கும், ஆனா வெளிய ஒயரை எவனாவது ஷார்ட் பண்ணா பேனலுக்குத் தெரியவே தெரியாது. வேலை முடிஞ்சதும் டப்பாவைத் திறந்து பாத்துட்டு காசு குடுங்க. கரண்ட் ஒயர் போற பைப்புக்குள்ளயே அலாரம் ஒயரையும் விடச் சொல்லாதீங்க.

பேனலை வாசல்ல பாத்த உடனே தெரியற மாதிரி வைக்காதீங்க, உள் ரூம்ல வைங்க, ஆனா இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வேணாம், சிக்னல் போயிடும். சைரனை வெளிய, கை எட்டாத உயரத்துல சன்ஷேடுக்கு அடியில. பேனல், ரூட்டர் ரெண்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும்.

செட்டிங்ஸ்ல, வாசக்கதவுக்கு மட்டும் 30 செகண்ட் டிலே குடுங்க, உள்ள வந்து ஆஃப் பண்ண நேரம் வேணுமில்ல, மாடிக் கதவு கொல்லைக் கதவுக்கெல்லாம் டிலேவே வேணாம், திறந்த உடனே கத்தட்டும். ராத்திரி வீட்ல இருக்கறப்ப ஹோம் மோடு, அதுல கதவு சென்சார் மட்டும் வேலை செய்யும், இல்லேன்னா அப்பா பாத்ரூம் போக எந்திரிச்சா தெருவே எந்திரிச்சிடும். கம்பெனி போட்டு வர்ற 1234, 8888 மாதிரி பாஸ்வேர்டை அன்னிக்கே மாத்துங்க. கால் போற லிஸ்ட்ல உங்க நம்பர் ஒண்ணு, நடந்து வர்ற தூரத்துல இருக்கற ரெண்டு பேர் நம்பர் கண்டிப்பா வேணும், அமெரிக்காவுல இருக்கற பையன் நம்பர் நாலாவதா இருந்தா போதும். சைரன் மூணு நிமிஷத்துல தானா நிக்கற மாதிரி வெச்சிடுங்க, விடிய விடிய கத்துனா அப்புறம் தெருவுல தலை காட்ட முடியாது.

பராமரிப்பு பெருசா ஒண்ணுமில்ல, ஆனா யாரும் பண்றதில்ல. மாசம் ஒரு தடவை ஆர்ம் பண்ணிட்டு, அதாவது அலாரத்தை ஆன் பண்ணி வெச்சுட்டு, ஒவ்வொரு கதவா திறந்து, ஒவ்வொரு ரூமா நடந்து பாருங்க, முன்னாடியே பக்கத்துல சொல்லிட்டுப் பண்ணுங்க. அப்படியே அடாப்டரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓடுதான்னும் பாருங்க. பேனலுக்குள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இருந்தா நம்ம ஊர் சூட்டுக்கு ரெண்டு மூணு வருஷம்தான் வரும், சார்ஜரைக் கழட்டி ஒரு ராத்திரி வெச்சுட்டு மல்டிமீட்டர்ல பாத்து 12 வோல்ட்டுக்குக் கீழ காட்டுனா மாத்திடுங்க. சென்சாருக்குள்ள இருக்கற பேட்டரியை ஒண்ணு தீர்ந்தா எல்லாத்தையும் சேத்து மாத்துறது நல்லது. கடற்கரைப் பக்கம் இருக்கறவங்க பேட்டரி போடற இடத்துல பச்சை பிடிச்சிருக்கான்னு அப்பப்ப பாருங்க. சிம் ரீசார்ஜை நினைவு வெச்சுக்கங்க, வேலிடிட்டி முடிஞ்சா அவுட்கோயிங் கட், பேனல் கால் பண்ணவே முடியாது, நீங்க ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சுட்டிருப்பீங்க.

தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப லோக்கல் ஸ்டேஷன்ல வீடு பூட்டியிருக்குன்னு சொல்லிட்டுப் போங்க, போலீஸே அதைத்தான் கேக்கறாங்க, ரோந்து போறப்ப ஒரு பார்வை பாப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, கத்துனா தனியா உள்ள போகாதீங்க, லைட்டைப் போட்டு சத்தம் குடுங்க, 112க்கு அடிங்கன்னு தெளிவா சொல்லி வைங்க.

வேலைக்காரங்க மாறுனாலோ ரிமோட் தொலைஞ்சாலோ புது ரிமோட் வாங்குனா மட்டும் பத்தாது, பேனல்ல பழைய ரிமோட்டையெல்லாம் அழிச்சிட்டு கையில இருக்கறதை மட்டும் திரும்ப சேக்கணும். வெள்ளை அடிக்கறவங்க வந்தா சென்சாரைக் கழட்டிக் குடுங்க, இல்ல கவர் போட்டு டேப் ஒட்டுங்க, லென்ஸ் மேல ஒரு கோட்டு பெயின்ட் பட்டாலே அது குருடு, திரும்ப மாட்டுனதும் ஒரு நிமிஷம் விட்டுட்டு நடந்து பாருங்க, சில சென்சார் சூடாகி செட்டாக அவ்ளோ நேரம் எடுத்துக்கும்.